மைசூர் எல்லைக்குள் போன சேவல்

அனுப்புநர்:
தீ. முனிவேல், சாகுபடிதாரர்,
(தகப்பனார் பெயர் தீர்த்தகிரி)
சிக்கனதொட்டி கிராமம், பாகலூர் வழி,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு ஸ்பெஷல் ஆபீசர் அவர்கள்,
சீமைக்கோழி அபிவிருத்தித் திட்டம்,
முகாம்: ஓசூர்.

பொருள்: என் மனைவி செல்லி வளர்த்து வந்த செவலைச் சேவலை ஆடி மாதம் பிடித்துச் சென்றது. அதைத் திருப்பித் தரும்படியும், தர இயலாவிட்டால் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கோருதல்.

பார்வை: ஆவணியில் நான் அனுப்பிய மனுவும், அதற்கு ஐப்பசியில் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பதில் வந்து சேர்ந்தது. சர்க்காருக்கு மனுப் போட்டு அதற்குப் பதில் வருவது எங்கள் ஊரில் இதுவே முதல் தடவை. தபால்காரர் அதை ஊர் நடுவில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி என் கையில் கொடுத்தார். அதற்காகத் தங்களுக்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

பதிலில் கண்டிருப்பது இது. பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் அவசியம் இல்லை. ஆகையால் சேவலை அப்புறப்படுத்தியதில் மனுதாரருக்கு நஷ்டம் எதுவும் நேர்ந்ததாகக் கருத இடமில்லை. நாட்டுச் சேவல் வைத்திருப்பதற்கு வேறு காரணங்கள் இருந்தால் மனுதாரர் விவரமாகத் தெரிவிக்கலாம். இதை நான் படித்துக் காட்டியபோது என் மனைவி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். காரணம் கேட்டு ஓர் அதிகாரி எழுதியிருக்கும்போது பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் கீழே எழுதுகிறேன். நான் பாகலூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. முட்டை விஷயத்தில் தாங்கள் எழுதியிருப்பது முழுக்கச் சரி. சேவல் போனபிறகும் எங்கள் கோழிகள் முட்டையிட்டன. இன்னும் ஒன்றைத் தங்கள் பக்கமே சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் முட்டைகளை வாங்கிச் சைக்கிளில் பெங்களூருக்குக் கொண்டுபோகும் வியாபாரி தஸ்தகீர், சேவல் இல்லாத வீட்டு முட்டை வெயிலில் கெடாமல் கூடுதல் நாள் தாங்குகிறது என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சேவலிடம் குறைகளும் இருந்தன. தபால்காரரை இரண்டு தடவை துரத்திக் கொத்தியிருக்கிறது. பெட்டைகளின் முதுகில் ஏறி ஏறி இறகை உதிர்த்துவிட்டது. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கூவி என் தூக்கத்தைக் கெடுத்ததற்காக அதை நானே பலமுறை திட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் எழுதினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

3. இனிக் காரணங்கள்.

முதலாவது, குஞ்சு. சேவல் மிதிக்காத முட்டையை அடைக்கு வைத்தால் பொரிக்காது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் முட்டையைத் தின்பவருக்கும் விற்பவருக்கும் சேவல் வேண்டாம், வீட்டில் கோழி தொடர்ந்து இருக்க வேண்டும் என்பவருக்குத்தான் வேண்டும் என்கிற வித்தியாசத்தைத் தங்கள் பதிலில் நான் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கோழியை விலைக்கு வாங்கி வளர்ப்பவர் யாரும் இல்லை. இருக்கிற கோழியிலிருந்துதான் அடுத்த கோழி வர வேண்டும்.

இரண்டாவது, பருந்து. எங்கள் கொல்லைக்கு அப்பால் கொள்ளுக்காடு, அதற்கு அப்பால் பாறை. பாறை மேட்டிலிருந்து பருந்து கிளம்பும். பெட்டைகள் தலையைக் குனிந்து மேயும். சேவல் ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டுதான் மேயும். பருந்தின் நிழலைக் கண்டால் அது ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்குக் குஞ்சுகள் எல்லாம் வேலிக்கற்றாழைக்குள் போய்விடும். கீரி வந்தால் கொடுக்கிற சத்தம் வேறு. களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி திரும்பிப் பார்க்காமலே, மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. சேவல் போன பிறகு, ஆடியில் பொரித்திருந்த குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மூன்றாவது, பெட்டைகளுக்குள் சண்டை. சேவல் இருக்கும்வரை எங்கள் கோழிகள் அடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. எங்காவது கறையானோ புழுவோ அகப்பட்டால் அது தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டும். இப்போது மூத்த பெட்டை மற்றவற்றைத் தீனி அண்டவிடாமல் விரட்டுகிறது. ஒரு பெட்டையின் மண்டையைக் கொத்திப் புண்ணாக்கிவிட்டது.

நான்காவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த மூத்த பெட்டை புரட்டாசியில் கூவ ஆரம்பித்தது. சேவலைப்போலவே கழுத்தை நீட்டிக் கூவியது. பெட்டை கூவினால் அந்த வீட்டுக்கும் ஊருக்கும் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாலு பேர் வந்து அதை உடனே அறுக்கச் சொன்னார்கள். ஊரில் சேவல் சத்தமே இல்லாமல் போனால் அது வேறு என்ன செய்யும் என்று கேட்டேன். இப்போது தினமும் வெயில் ஏறும்வரை அந்தக் கோழியைக் கூடைக்குள் போட்டுச் சாக்கு மூடி வைக்கிறோம். இருட்டில் இருந்தால் கூவாது என்கிறாள் என் மனைவி.

4. ஐந்தாவது காரணத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்தது. முனிலட்சுமி என்று பேர் வைத்தோம். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் அடித்தது. என் மனைவி, அப்போது குஞ்சாக இருந்த இந்தச் சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டி, பிள்ளை பிழைத்தால் இதை முனியப்பன் கோயிலில் விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அறுப்பதாக நேரவில்லை. கோயிலில் கோழி அறுக்கக் கூடாது என்று சட்டம் வந்திருப்பது எங்களுக்கும் தெரியும். இப்போதெல்லாம் உயிரோடுதான் விடுகிறோம்.

பிள்ளை பிழைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம், ஓர் உயிருக்காக நேர்ந்த சேவலை அந்த உயிர் போன பிறகு கோயிலில் விடக் கூடாது. அறுக்கவோ விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. அது தானாகச் சாகும்வரை பெட்டைகளோடு இருக்க விட்டு, செத்தால் சொந்த நிலத்தில் புதைக்க வேண்டும். அப்படித்தான் அந்தச் சேவல் எங்கள் வீட்டில் தங்கியது. என் மனைவி அதற்குப் பேர் வைக்கவில்லை, கொஞ்சவும் இல்லை. ஆனால் பிள்ளை போன பிறகு படுக்கையே கதி என்று கிடந்தவள், அது கூவிக் கூடையைக் கொத்துகிற சத்தத்துக்காகத்தான் காலையில் எழுந்தாள். எழுந்தவள் கோழிகளைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டவள் அடுப்பு மூட்டினாள். நான் மறுபடியும் சூடாகக் களி தின்றேன். இது காரணம் ஆகுமா ஆகாதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. பிடித்துச் சென்ற விதம்: ஆனி மாதக் கடைசியில் பஞ்சாயத்து பிரசிடெண்ட் திரு. நாராயணப்பன் அவர்கள் தமுக்குப் போட்டு, ஊருக்குச் சர்க்கார் வெள்ளைச் சேவல் வருவதாகவும், கலப்புக் குஞ்சு கிடைக்க வேண்டுமானால் ஊரில் நாட்டுச் சேவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் தெரிவித்தார். மற்றவர்கள் தங்கள் சேவல்களைப் பாகலூர் சந்தையில் விற்றார்கள். சிலர் குழம்பு வைத்தார்கள். நாராயணப்பன் கெட்ட மனிதர் அல்லர். ஊருக்கு நல்லது வர வேண்டும், அது தன் கையால் வந்ததாக மேலிடத்துக்குத் தெரிய வேண்டும், இவ்வளவுதான் அவர் ஆசை.

திட்ட ஊழியர் ஒருவர் அவரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தச் சேவலை மட்டும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சண்டைச் சேவல் என்றோ வேறு எதையாவதோ சொல்லியிருக்கலாம். நான் முனியப்பனுக்கு நேர்ந்தது என்று உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் யாரிடம் அப்படிச் சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் வெளியூர்க்காரர். பலி கொடுக்க வைத்திருப்பதாக எழுதிக்கொண்டார். நாட்டுச் சேவல் வைத்திருந்தது ஒரு குற்றம், பலிக்காக வைத்திருந்தது இன்னொரு குற்றம் என்று சேவலைப் பிடித்து, தங்கள் உத்தரவு வரும்வரை நாராயணப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்தார்கள். வழக்கத்தை விளக்கிச் சொல்ல முயன்றேன். நாராயணப்பனுக்கு எல்லாம் தெரியும். அவர் அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு என் மனைவி தினமும் மடியில் கேழ்வரகு கட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போய்த் தீனி போட்டு வந்தாள். நாராயணப்பனின் மனைவி மங்கம்மா தடுக்கவில்லை. தண்ணீர் வைக்கச் சட்டியும் கொடுத்தார்.

6. வெள்ளைச் சேவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். கம்பிவலைக் கூண்டில் நின்றது. வெளியே விட்டபோது பருந்தை அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. ஆவணி மழையில் கழிச்சல் கண்டு செத்துப்போனது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பழகாத ஊரில் கொண்டுவந்து விட்டால் அது என்ன செய்யும்? வேறு சேவல் வருகிறது என்றார்கள். கார்த்திகை ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. இன்றைய தேதியில் சிக்கனதொட்டியில் வெள்ளைச் சேவலும் இல்லை, நாட்டுச் சேவலும் இல்லை.

7. எங்கள் சேவல் காணாமல் போன அன்று நடந்தது: ஆடிக் கடைசியில் தாங்கள் வெள்ளைச் சேவலைப் பார்வையிட எங்கள் ஊருக்கு முகாம் வந்தீர்கள். தங்களுக்கு நினைவிருக்கும். ஜீப் ஏரிக்கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டபோது தள்ளியவர்களில் நானும் ஒருவன். அன்று கூட்டமாக இருந்ததால் என் மனைவி சாயங்காலம்தான் தீனி போடப் போனாள். கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது. மங்கம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "அவுத்துக்கிட்டுப் போயிட்டுது செல்லி. ஏரி அந்தாண்ட போயிப் பாரு" என்றாராம்.

அந்தக் கயிறு இப்போது என்னிடம் இருக்கிறது. அறுந்ததல்ல, கொத்திப் பிய்த்ததும் அல்ல. முறையாக முடிச்சு அவிழ்த்த கயிறு. முடிச்சு அவிழ்க்கத் தெரிந்த சேவலை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் நான் போய்க் கேட்டபோது நாராயணப்பன் கொடுத்த பதிலையும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். சேவல் ஏரியைத் தாண்டி மைசூர் ராஜ்யத்து எல்லைக்குள் போய்விட்டதாம். சென்னை ராஜ்யத்து அதிகாரிகள் அங்கே போய்ப் பிடிக்க முடியாதாம். ஆகையால் இது சம்பந்தமாக இனி யாரும் எதுவும் செய்வதற்கில்லையாம். எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் மைசூர் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் பிறந்தார்கள், எங்கள் மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. ஒரு கோழிக்காக எல்லையைப் பற்றி யாரும் இதுவரை யோசித்தது கிடையாது.

8. நாராயணப்பன் அந்தப் பதிலை என் வாயை அடைப்பதற்காகத்தான் சொன்னார். என் மனைவி அதை நம்பிவிட்டாள். இதுதான் இந்த மனுவின் காரணம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், கோழி கூடடையும் நேரத்துக்கு அவள் ஏரிக்கு அந்தாண்டை போகிறாள். ஒவ்வொரு ஊராகப் போய் வேலிக்கு வெளியே நின்று கொல்லைகளைப் பார்க்கிறாள். அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். விஷயத்தைக் கேட்டவர்கள் முதலில் பாவம் என்று தங்கள் சேவல்களைக் காட்டினார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். ஐப்பசியில் ஓர் ஊரில் இரண்டு கோழி களவு போக, தினமும் வந்து கொல்லையை எட்டிப் பார்க்கிறவள் இவள்தான் என்று பிடித்து, மரத்தடியில் உட்காரவைத்து, மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மடியில் கேழ்வரகு இருந்தது. கோழியை ஏமாற்றிப் பிடிக்கத்தான் இது என்று சொல்லிவிட்டார்கள். தற்செயலாக அந்த வழியாக வந்த தஸ்தகீர், இவள் யார் என்ன என்று எடுத்துச் சொல்லி, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்று நான் அழுதேன். அவள் அழவில்லை. மறுநாளும் போனாள்.

9. இதற்கிடையில் ஒரு பெட்டை அடைக்குப் படுத்தது. இவை கூமுட்டை, பொரிக்காது என்று நான் சொல்லியும் கேளாமல் அவள் முட்டைகளை வைத்தாள். சேவல் போகிறதற்கு முன்னால் மிதித்தது ஏதாவது உள்ளே இருக்கும் என்றாள். அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன காலம். மூன்று வாரம் கழிந்தது. ஒன்றும் பொரிக்கவில்லை. பெட்டை எழுந்திருக்கவும் இல்லை. தீனிக்குக்கூட இறங்காமல் காய்ந்து போய்ப் படுத்திருந்தது. தூக்கி வெளியே விட்டால் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசியில் நான் முட்டைகளை எடுத்துத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். வீடு முழுக்க நாறியது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

10. வேறு சேவல் வாங்கிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். வழி இருக்கிறது. சாமல்பட்டியில் என் மாமனார் எங்களுக்கென்றே ஓர் இளஞ்சேவலை வளர்த்து வைத்திருக்கிறார். வெள்ளைச் சேவல் செத்தபிறகு நாட்டுச் சேவல் வைத்தால் நானும் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று நாராயணப்பனே ஆள் விட்டுச் சொன்னார். அவள்தான் சம்மதிக்கவில்லை. ஒரு கொல்லையில் இரண்டு சேவல் நிற்காது, ஒன்று சாகும்வரை அடித்துக்கொள்ளும் என்பது கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது உசுரோட இருக்கறப்ப இன்னொன்னக் கொண்ணாந்து உட்டா, அது திரும்பி வந்தா எங்க நிக்கும்?"

அது உயிரோடு இல்லை என்று ஒருநாள் துணிந்து பொய் சொன்னேன். அக்கரையில் நாய் கடித்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். காலில் மஞ்சத் துணி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். "அது எப்பவோ அவுந்து உளுந்து எம் பொட்டியில கெடக்குது" என்று சொல்லிவிட்டு, மடியில் கேழ்வரகைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதிலிருந்து இந்த விஷயத்தில் என் பேச்சு அவளிடம் எடுபடுவதில்லை.

11. இனி எழுதப் போவதைத் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாங்கள் முகாம் வந்த அன்று முட்டை எடுக்க நாராயணப்பன் வீட்டுப் பின்பக்கம் போன தஸ்தகீர், அங்கே சாம்பல் குழியில் செவலை இறகுகளும், கறுப்பில் பச்சை மின்னும் வால் இறகு ஒன்றும் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டார். சேவல் இறகெல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கும் என்கிறார்.

எங்கள் ஊரில் நேர்ந்த சேவலை அறுக்கிற கை கிடையாது. நாராயணப்பனும் அறுத்திருக்க மாட்டார், மங்கம்மாவும் அறுத்திருக்க மாட்டார். என் மனைவி அது உயிரோடு இருப்பதாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அன்று தங்கள் ஜீப்பில் தங்கள் சமையற்காரரும் வந்திருந்தார். ஊரில் சேவலை எல்லாம் ஒழித்துவிட்டபடியால் விருந்துக்கு வேறு சேவல் இல்லை. கொட்டகையில் ஒன்று கட்டிக் கிடந்தது. அவருக்கு விவரம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் முடிச்சை அவிழ்த்திருப்பார்.

தாங்கள் அன்று நாராயணப்பன் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டது எனக்குத் தெரியும். வாசலில் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று தாங்கள் நாராயணப்பனிடம் சொன்னீர்கள். அப்போது நான் எதையும் நினைக்கவில்லை.

12. தங்கள் மனதைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. நேர்ந்த சேவலைத் தெரியாமல் தின்றவருக்கு ஏதாவது ஆகுமா என்று எங்கள் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். தெரியாமல் தின்றவருக்கு ஒரு குறையும் வராது என்றார். தங்கள் குடும்பத்துக்கும் சேர்த்தே கேட்டுக்கொண்டேன். சமையற்காரர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். நாராயணப்பன்மீதும் வேண்டாம். நஷ்ட ஈடும் வேண்டாம். வெள்ளைச் சேவல் இனி வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

13. ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். சேவல் எங்காவது உயிரோடு இருந்தால் தயவுசெய்து திருப்பித் தரும்படி உத்தரவிட வேண்டும். இல்லையென்றால், ஆடி மாத முகாமில் பரிமாறப்பட்டது மேற்படி செவலைச் சேவல்தான் என்று தங்கள் கையெழுத்திட்டு, அலுவலக முத்திரை வைத்து ஒரு வரி எழுதித் தர வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முத்திரை வைத்த காகிதம் என்னைப்போலப் பொய் சொல்லாது என்று நினைக்கிறவள். பிள்ளை செத்ததை அவள் தன் மடியிலேயே பார்த்தாள். அதனால்தான் எப்படியோ எழுந்தாள். இதை அவள் பார்க்கவில்லை.

அன்று தின்றது எந்தச் சேவல் என்று தங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். இதுவாக இல்லாமல்கூட இருக்கலாம். அப்படியானாலும் இதுதான் என்றே எழுதும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அதிகாரியைப் பொய் எழுதச் சொல்வது குற்றம் என்று தெரியும். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதை நான் ஏற்கிறேன். காகிதம் வந்த மறுநாளே சாமல்பட்டிக்குப் போய் அந்த இளஞ்சேவலைக் கொண்டுவந்துவிடுவேன். அதுவரை அவள் தினமும் சாயங்காலம் ஏரிக்கு அந்தாண்டை போய்க்கொண்டுதான் இருப்பாள். மறுபடியும் யாரும் அவள் மடியை அவிழ்க்கச் சொல்லாமல் இருக்க, நானும் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
தீ. முனிவேல்
(கையொப்பம்)

இடம்: சிக்கனதொட்டி
தேதி: 28-11-1955